உலக நீர்க் கணக்கில் எங்கள் கிணற்றுக்கு எங்கே இடம்?

வலிகாமன் எழுதியது:

வணக்கம். எட்டாம் தரத்தில் படிக்கும் மகளின் புத்தகத்தில், உலகிலுள்ள நீரைப் பங்கு பிரித்துக் காட்டும் வட்டப்படம் ஒன்று இருக்கிறது. கடலுக்கு ஏறத்தாழ 97 வீதம். மிச்சத்தில் பெரும்பங்கு பனிக்கட்டிக்கு. ஆறு குளங்களுக்கு ஒரு மெல்லிய கோடு மட்டும். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் கிணறு இந்தப் படத்தில் எந்தத் துண்டுக்குள் வரும் என்று கேட்டாள். நிலத்தடி நீர் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தப் பதிலில் எனக்கே திருப்தியில்லை.

எங்கள் காணி யாழ்ப்பாணத்தில், கோப்பாய்ப் பக்கம், நான்கு பரப்பு. கல்லுடைத்து வெட்டிய பழைய கிணறு. கார்த்திகை, மார்கழியில் குனிந்து வாளியால் அள்ளலாம். ஆவணி முடியும்போது அடிக்கல் தெரியும். பாட்டனார் காலத்திலிருந்து நல்ல தண்ணீர்க் கிணறு என்று பெயர் எடுத்தது. கடந்த இரண்டு வருடமாக ஆடி, ஆவணியில் தேநீரில் இலேசாகச் சவர் தட்டுகிறது. கேத்திலின் அடியில் எப்போதும் படிகிற வெள்ளைக் காறையும் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காறையும் இந்தச் சவரும் ஒரே உப்புத்தானா? இன்னும் பத்து அடி ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று கிணறு வெட்டுகிறவர் சொல்கிறார். செய்யலாமா?

கரைசல் எழுதியது:

முதலில் காறையையும் சவரையும் பிரித்துவிடுவோம். இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் எங்கள் ஊரில் கிணறுகளுக்குத் தவறான வைத்தியம் நடக்கிறது. முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்பதால் சற்று நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீர் மூலக்கூறு நேர்கோடாக இருப்பதில்லை. ஒட்சிசன் நடுவில் நிற்க, இரண்டு ஐதரசன்களும் 104.5 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்கின்றன. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதால், மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே மறையேற்றமும் மறுபக்கம் சற்றே நேரேற்றமும் பெறுகின்றன. இந்தச் சிறு ஏற்றத்தாழ்வின் விளைவுகள் பெரியவை. நீரைவிட ஏறத்தாழ இரு மடங்கு பாரமான ஐதரசன் சல்பைட்டு மூலக்கூறு −60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிட, நீர் 100 பாகை வரை திரவமாக நிற்பதற்குக் காரணம், மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஐதரசன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருப்பதுதான். சோடியம் அயனுக்கும் குளோரைட்டு அயனுக்கும் இடையில் நீர் புகுந்தால், அவற்றின் கவர்ச்சி வெற்றிடத்தில் இருப்பதில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கறியுப்பு கையோடு கரைவது அதனால்தான். உங்கள் ஆவணி மாதச் சவர், அநேகமாக இந்த வகை உப்பு.

சுண்ணாம்புக்கல் அப்படிக் கரைவதில்லை. அதற்கு அமிலம் வேண்டும். மழைத்துளி காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு, pH 5.6 அளவில் மென்மையான அமிலமாகவே நிலத்தில் விழுகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் அங்கே இந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். அதைக் கடந்து கீழிறங்கும் நீர் கல்லைத் தொடும்போது, கரையாத கல்சியம் காபனேற்று கரையக்கூடிய இருகாபனேற்றாக மாறி நீரோடு போய்விடுகிறது. நீங்கள் கேத்திலைக் கொதிக்கவைக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, அதே தாக்கம் பின்னோக்கி ஓடுகிறது. கல் மறுபடி கல்லாகிப் படிகிறது. தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்துக் கரையும். சவர் உப்பு ஒருபோதும் நுரைக்காது.

யாழ்ப்பாணத்துக் கல் மயோசீன் காலத்தது; ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட அக்காலத்தில், ஆழமற்ற கடலில் சிப்பி, பவளம் முதலிய உயிர்கள் நீரிலிருந்து எடுத்துக் கட்டிய ஓடுகளே அந்தக் கல்லின் பெரும்பகுதி. கேத்திலில் நீங்கள் சுரண்டுவது அந்த ஓடுகளைத்தான். கடல் ஏன் சோடியத்தால் உவர்க்கிறது, ஆறுகள் அள்ளிவரும் கல்சியத்தால் ஏன் கடினமாகவில்லை என்ற கேள்விக்கும் இதுவே விடை. ஒரு கிலோகிராம் கடல்நீரில் குளோரைட்டு 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம், கல்சியமோ 0.4 கிராம்தான். கல்சியத்தை உயிர்கள் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. சோடியத்தை அவ்வாறு எடுத்துக்கொள்வார் இல்லாததால் அது கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலிலேயே தங்குகிறது. அது வெறுமனே சேர்ந்துகொண்டே போகிறது என்று நம்பி, 1899இல் ஜோன் ஜோலி கடலிலுள்ள சோடியத்தை வைத்துப் பூமியின் வயதைக் கணக்கிட்டார். 10 கோடி ஆண்டுக்கும் குறைவாக வந்தது. உண்மை வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. சோடியமும் மெல்ல மெல்லக் கடலைவிட்டு வெளியேறுகிறது என்பதைக் கணக்கில் சேர்க்காத பிழை அது.

திருவான்மியூர் வாசி எழுதியது:

ஐயாவின் பதிவை இருமுறை படித்தேன். எங்கள் பாடநூல்களில் கார்பன் டை ஆக்சைடு என்று படித்தவனுக்குக் காபனீரொட்சைட்டு என்ற சொல் பிடிபடச் சற்று நேரம் ஆனது. பிடிபட்டபின் எங்களுடையதைவிட அழகாகவே தெரிகிறது.

எனக்கு அடிப்படையான ஒரு சந்தேகம். பூமியின் பரப்பில் 71 விழுக்காடு நீர். நிலத்தடி நீர் ஆறு ஏரிகளைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, கீழே போகப் போக நீர் கிடைக்கத்தானே வேண்டும்? எங்கள் தெருவில் மேல்மட்டக் கிணறு வற்றியபோது எல்லோரும் போர் போட்டு ஆழத்துக்குப் போனார்கள். சில வீடுகளில் நல்ல தண்ணீர் வந்தது, சில வீடுகளில் வாயில் வைக்க முடியவில்லை. கோப்பாய் நண்பரும் பத்து அடி இறக்கிப் பார்ப்பதில் என்ன தவறு?

படிவப்பாறை எழுதியது:

தயவுசெய்து இறக்க வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன் உங்கள் மகளின் வட்டப்படத்துக்கே வருகிறேன். ஏனெனில் அந்தப் படம் பொய்யில்லை, ஆனால் ஏமாற்றும்.

மொட்டைமாடியில் வைத்திருக்கும் 1,000 லீற்றர் தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் மேற்பரப்பிலும் மேலோட்டிலும் உள்ள மொத்த நீர், அதாவது ஏறத்தாழ 138.6 கோடி கன கிலோமீற்றர், அதற்குள் அடங்கிவிட்டதென்று வையுங்கள். அதில் நன்னீர் 25 லீற்றர்தான். அந்த 25இலும் 17 லீற்றருக்கு மேல் அந்தாட்டிக்கா, கிரீன்லாந்து முதலிய இடங்களில் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. நிலத்தடி நன்னீர் 7.6 லீற்றர். உலகின் நன்னீர் ஏரிகள் எல்லாம் சேர்ந்து 66 மில்லிலீற்றர். ஒரு சின்னத் தேநீர்க் குவளை கூட நிரம்பாது. காற்றிலுள்ள ஆவி 9 மில்லிலீற்றர். உலகிலுள்ள அத்தனை ஆறுகளும், அமேசனும் கங்கையும் காவிரியும் சேர்ந்து, ஒன்றரை மில்லிலீற்றர். ஒரு மருந்துக் கரண்டியின் மூன்றில் ஒரு பங்கு.

சென்னை நண்பர் சொன்னது சரி, நிலத்தடி நீர் ஆறுகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். ஆனால் நிலத்துக்குக் கீழே உள்ள மொத்த நீரில் பாதிக்கு மேற்பட்டது உவர் நீர். ஆழம் கூடக் கூட, கல்லோடு கிடந்த காலமும் கூடுகிறது. கரைந்த உப்பும் கூடுகிறது. ஆகவே ஆழத்தில் நீர் இருக்கும் என்பது வேறு, ஆழத்தில் குடிநீர் இருக்கும் என்பது வேறு.

யாழ்ப்பாணத்தின் நிலை இன்னும் நுட்பமானது. வற்றாத ஆறு எதுவும் குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. சுண்ணக்கல் முழுவதும் துளையும் வெடிப்பும் குகையுமாக இருப்பதால், சுற்றியுள்ள கடல்நீர் அடியில் ஊடுருவிக் கிடக்கிறது. அதன்மேல், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை இறங்கி, எண்ணெய் நீரில் மிதப்பதுபோல மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரைநோக்கி மெலிந்தும் கிடப்பதால் இதை நன்னீர் வில்லை என்கிறோம். எண்ணெயோடு ஒப்பிட்டாலும், இங்கே இரண்டும் கலக்கக்கூடிய திரவங்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. அவற்றைப் பிரித்து வைத்திருப்பது அடர்த்தி வேறுபாடு மட்டும்தான்: நன்னீர் 1.000, கடல்நீர் 1.025.

இந்த இரண்டரை வீத வேறுபாட்டிலிருந்து பிறப்பதே, நெதர்லாந்தின் படோன் கைபனும் ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட விதி. ஒன்றை 0.025ஆல் வகுத்தால் 40. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். கேட்க இனிமையான விதி. திருப்பிப் படித்தால் பயங்கரமானது: உங்கள் பம்பு நீர்மட்டத்தை 25 சென்ரிமீற்றர் நிரந்தரமாகத் தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 10 மீற்றர் மேலே ஏறிவரும். குழாய்க்கு நேர் கீழே அது கூம்புபோல எழும்பும். கிணற்றை ஆழமாக்குவது, ஏறிவருகிறவரைப் படியிறங்கிப்போய் வரவேற்பதற்குச் சமம்.

தோட்டக்காரன் எழுதியது:

உரும்பிராயில் மூன்று தலைமுறையாக வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்கிற குடும்பம் எங்களுடையது. இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் தோட்டக்காரர் அளவுக்கு மிஞ்சி இறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் வந்து முடியும் என்பதால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

என் தகப்பனார் காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் வாய்க்கால் கட்ட வேண்டும். ஆட்கள் களைத்தால் இறைப்பு நின்றுவிடும்; கிணறு இரவு முழுவதும் ஊறும். இயந்திரம் களைப்பதில்லை, அதுதான் வித்தியாசம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு மலக்குழி கட்டி, முற்றம் முழுவதும் சீமெந்து பூசி மழைநீரை வீதிக்கு விடுகிறவர்களும் இதே வில்லையின்மேல்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்று. நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இதில் ஏதாவது உண்மை உண்டா?

படிவப்பாறை எழுதியது:

எலுமிச்சம்பழத்துக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். ஆனால் நிலத்தடியில் வழியிருக்கிறது என்ற பெரியவர்களின் ஊகம் கெட்டித்தனமானது. நிலாவரை, சுண்ணக்கல் கரைந்து கூரை இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம். ஆசிரியர் ஐயா சொன்ன அதே அமிலத் தாக்கம் கேத்திலுக்குப் பதிலாக ஒரு குகையைச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கான சாட்சி. அங்கே மேல்நீர் நன்னீராகவும் ஆழம் போகப் போக உவராகவும் இருப்பது, வில்லையை வெட்டிக் காட்டியதுபோல. கீரிமலையில் கடலுக்கு ஒட்டிய கேணியில் நன்னீர் ஊறுவது, அந்த வில்லையிலிருந்து வடிகிற நீர் கடலை அடைகிற வாசல்களில் ஒன்று.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 40 மடங்கு விதி அசையாத நீருக்கும் சீரான மணலுக்கும் எழுதப்பட்டது. எங்கள் கல்லில் நீர் குகைவழி ஓடுகிறது, கடலின் வற்றுப்பெருக்கோடு ஏறி இறங்குகிறது; ஆகவே நன்னீருக்கும் உவருக்கும் இடையில் கூரான எல்லை கிடையாது, தடித்த கலவைப் படலம்தான் உண்டு. விதி சொல்வதைவிட முன்னதாகவே கிணறு சவர்படும் என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கரைசல் எழுதியது:

தோட்டக்காரர் மலக்குழியை இழுத்தது நல்லதாயிற்று. சவர் நாக்குக்குத் தெரியும், நைத்திரேற்று தெரியாது. உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கும் நைதரசன், மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது; மண்துணிக்கைகள் மறையேற்றம் உடையவை, நைத்திரேற்றும் மறையேற்றம் உடையது, ஆகவே மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. கல்லோ வெடிப்பு வழியே நேராகக் கீழே விட்டுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் பல தோட்டக் கிணறுகள் இதைத் தாண்டியிருப்பது பல பத்தாண்டுகளாகவே ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு, இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறையும்.

கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கிருமி சாகும், காறை படியும், அவ்வளவுதான். சோடியமும் குளோரைட்டும் நைத்திரேற்றும் ஆவியோடு போவதில்லை. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். தேற்றாங்கொட்டை உரைப்பதும் அப்படியே. கலங்கலாக மிதக்கும் களித்துணிக்கைகளைத் திரட்டி அடியில் இறக்குவதில் அது கெட்டிக்காரக் கொட்டை. கரைந்துவிட்ட அயனை அது தொடாது.

வலிகாமனுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். சவர் கடலிலிருந்து வந்ததா, கல்லிலிருந்து வந்ததா என்று சுவையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. குளோரைட்டையும் இருகாபனேற்றையும் ஒப்பிட வேண்டும். கடல்நீரில் இருகாபனேற்று மிகக் குறைவு, குளோரைட்டு மலைபோல. கல் கரைந்த நீரில் நிலைமை எதிர்மாறு. சலஞ்சர் என்ற கடலாய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிக் கொண்டுவந்த கடல்நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிற்மார் பகுத்து, எந்தக் கடலாயினும் பிரதான அயன்களின் விகிதம் ஏறத்தாழ மாறாதிருப்பதை 1884இல் வெளியிட்டார். கடல் எங்கே புகுந்தாலும் தன் கைரேகையை விட்டுச் செல்லும் என்பதுதான் இதன் பொருள். அத்தோடு, எவ்வளவு சிறிய கலப்பு கிணற்றைக் கெடுக்கும் என்பதையும் பாருங்கள்: நூறு குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல்நீர் சேர்ந்தால் லீற்றருக்கு 200 மில்லிகிராம் குளோரைட்டு கூடிவிடும். 250ஐத் தாண்டினாலே நாக்கு கண்டுபிடிக்கத் தொடங்கும்.

திருவான்மியூர் வாசி எழுதியது:

போர் போடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நல்ல தண்ணீரும் அடுத்த வீட்டில் உப்பும் வந்ததற்கு இப்போதுதான் காரணம் விளங்குகிறது; அது அதிர்ஷ்டம் என்று இதுநாள்வரை நினைத்திருந்தோம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சுற்றிலும் கடல் இருக்கிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் அளவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் 2010 முதல் சென்னைக்கு வந்துவிட்டன. யாழ்ப்பாணத்துக்கும் அதுதானே தீர்வு? கிணற்றைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு?

கரைசல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலும் வந்துவிட்டது. தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவரும் முந்தைய திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததும், அவர்கள் எதிர்ப்பில் நியாயம் இருந்ததும் நாம் அறிந்தவை. குடிநீருக்கு ஆலை பெரும் உதவி. அதைக் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் உப்பைக் கரைப்பது நீருக்கு எவ்வளவு எளிதோ, கரைந்ததைப் பிரிப்பது நமக்கு அவ்வளவு கடினம். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும், ஒரு கன மீற்றர் கடல்நீரில் பாதியை நன்னீராக்க, உற்பத்தியாகும் ஒவ்வொரு கன மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு மின் அலகுக்குக் கீழே போக இயற்கை விதி இடம்தராது. நடைமுறையில் நல்ல ஆலைகள் மூன்று, நான்கு அலகு செலவழிக்கின்றன. பாதி நன்னீரானால், மிச்சப் பாதி இரட்டிப்பு உவரோடு கடலுக்குத் திரும்புகிறது.

இதையே சூரியன் எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். அது ஆலைகளைப்போலச் சவ்வு வைத்து வடிப்பதில்லை. ஐதரசன் பிணைப்புகளை அறுத்து, நீரை ஆவியாக்கி, உப்பைக் கடலிலேயே விட்டுவிடுகிறது. ஒரு கன மீற்றருக்கு அதற்கு ஏறத்தாழ 680 அலகு சக்தி தேவை. குடாநாட்டில் வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால், வலிகாமனின் நான்கு பரப்பில், அதாவது ஏறத்தாழ 1,000 சதுர மீற்றரில், 1,200 கன மீற்றர் நீர் விழுகிறது. அதைக் கடலிலிருந்து தூக்கச் சூரியன் செலவழித்தது எட்டு இலட்சம் அலகுக்கு மேல். அந்த நீர் வாசலில் வந்து விழ, வாய்க்கால் வெட்டி வீதிக்கு விடுகிறோம் என்று தோட்டக்காரர் சொன்னதை நான் வேறு மொழியில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

படிவப்பாறை எழுதியது:

இந்த வாதத்தைக் குடாநாட்டு அளவில் முன்வைத்தவர் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். ஆனையிறவுக் கடலேரியில் உவர் புகாமல் மறித்து, கனகராயன் ஆறு முதலியவை கொண்டுவரும் நீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடலேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடுவது அவரது திட்டம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. திட்டம் முழுமை பெறவில்லை. வில்லையின் விளிம்பில் உவர்க் கடலேரிக்குப் பதிலாக நன்னீர் நின்றால், உள்ளே கிணறுகளின் மட்டமும் உயரும். மேலே ஓரடி உயர்வதன் பலன் கீழே நாற்பதடி என்று விதியை இப்போது நல்ல பக்கத்திலிருந்து படிக்கலாம். அதன் சூழல் விளைவுகள், மீனவரின் பாதிப்பு எல்லாம் தனி இழைக்குரிய விடயங்கள்.

வலிகாமன் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன குளோரைட்டுச் சோதனைக்காக, கிணற்றின் அடியிலும் மேலும் மாதிரி எடுத்தேன். போத்தலில் கல்லைக் கட்டி, தக்கையில் தனி நூல் கட்டி, கிணற்றின் அடிவரை இறக்கியபின் நூலை இழுத்துத் தக்கையைக் கழற்றினேன். குமிழிகள் வருவது நின்றதும் தூக்கினேன். மேல்நீரை வேறொரு போத்தலில் எடுத்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒரே தெளிவு. சவர்க்காரம் போட்டுக் குலுக்கினால் இரண்டிலும் ஒரே மந்தமான நுரை. ஆய்வுகூட அறிக்கையில் இருகாபனேற்று இரண்டிலும் ஏறத்தாழச் சமம். குளோரைட்டு மட்டும் அடிநீரில் மேல்நீரைவிட இரண்டு மடங்குக்கு மேல். நைத்திரேற்று இரண்டிலும் வழிகாட்டு அளவுக்கு உள்ளே இருப்பது ஆறுதல்.

எங்கள் பம்பின் உறிஞ்சுகுழாய் அடிக்கல்லிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வாய் திறந்திருந்தது. அதாவது, நல்லதை மேலே விட்டுவிட்டு இரண்டு வருடமாகக் கெட்டதைத் தேடித் தேடிக் குடித்திருக்கிறோம். குழாயை ஐந்து அடி உயர்த்திவிட்டேன். ஒரே மூச்சில் தாங்கி நிரப்புவதை விட்டு, காலையும் மாலையும் அரைமணி நேரமாகப் பிரித்துவிட்டேன். கிணறு வெட்டுகிறவரிடம் ஆழமாக்க வேண்டாம், கூரைப் பீலித் தண்ணீரை இறக்கக் கிணற்றிலிருந்து தள்ளி ஒரு சல்லிக்குழி வெட்டித் தாருங்கள் என்றேன். அவருக்கு அதில் கூலி குறைவு. ஆனாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மகள் தன் வட்டப்படத்தில் நிலத்தடி நீர்த் துண்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதிக்கு நீலமும் மறுபாதிக்குச் சாம்பலும் பூசி, எங்கள் கிணற்றைக் கோட்டின்மேலேயே வைத்திருக்கிறாள். மாரி மழை முடிந்து தை மாதத்தில் அதே நூலோடும் அதே போத்தலோடும் மறுபடி மாதிரி எடுத்து, இங்கேயே எழுதுகிறேன்.